கடல் கடக்கும் நாய்

குடும்பமொன்று பிறநாடு செல்லப் புறப்படும்போது வீட்டிலுள்ளார் யாவருக்கும் கடவுச்சீட்டு எடுக்கப்படுகின்றது, விசா பெறப்படுகின்றது. தளபாடங்கள் விற்கப்படுகின்றன. விற்க மனம் வராதவை உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேருகின்றன. எஞ்சி நிற்பது முற்றத்து நாய் ஒன்றே. அதனைப் பற்றிய பேச்சு, பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையிலேதான் பெரும்பாலும் எழுகின்றது. பிள்ளைகள் அழுகின்றனர், தந்தை மிருக வைத்தியரிடம் ஓடுகின்றார். இங்கிலாந்துக்கு என்றால் குறைந்தது நான்கு மாதமாவது வேண்டும் என்று அவர் கைவிரித்து விடுகின்றார். முடிவில் நாய் அயலவர் வாயிலிலே கட்டப்படுகின்றது. அல்லது கட்டப்படாமலே விடப்படுகின்றது. பூட்டிய படலையின் முன்னே நாட்கணக்காகப் படுத்துக் கிடக்கும் நாயைக் காணாத ஊர் இந்நாட்டில் அரிது.

நான்கு மாதம் எதற்கு? நாயோ திடகாத்திரமாக இருக்கின்றது. ஆண்டுதோறும் ஊசியும் போடப்பட்டிருக்கின்றது. இது அதிகாரிகளின் பிடிவாதமேயன்றி வேறில்லை என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது. அந்த நான்கு மாதமும் எவருடைய மேசையிலும் வீணே கழிவதில்லை. ஒரு கொடிய நோயின் இயல்பை அளந்து பார்த்தே அக்கணக்கு வகுக்கப்பட்டிருக்கின்றது.

விசர்நாய்க்கடி நோய், நீர்வெறுப்பு நோய் என்றெல்லாம் வழங்கப்படும் நோய் அது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரிலே அதன் வைரசு இருக்கின்றது. கடிவாயின் வழியாக உடலினுட் புகும் அது, குருதியோடு கலந்து விரைந்து பரவுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்ந்து செல்கின்றது. காலிலே கடியுண்டால் வழி நீளம். முகத்திலே கடியுண்டால் வழி குறுகியது. இவ்வாறு ஊர்ந்து செல்லுங் காலத்தில் நாய் உண்ணும், விளையாடும், வாலாட்டும். எந்த வைத்தியர் பார்த்தாலும் சுகதேகி என்றே எழுதிக் கொடுப்பார். இக்காலம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். சில வேளைகளில் ஆறு மாதம் வரை நீளும். மிக அருமையாக அதனையும் கடக்கும். வைரசு மூளையை எட்டி, நோய் வெளிப்பட்டுவிட்டாலோ, மனிதனாயினும் மிருகமாயினும் மரணத்தினின்று தப்புவது ஏறத்தாழ இல்லையெனலாம். 1885ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து ஏற்றிக் காப்பாற்றினார். காப்பாற்ற முடிந்தது எதனால்? நோய் வெளிப்படுமுன், அது வழிநடையில் இருக்கும்போதே, மருந்து முந்திக்கொண்டமையால். அன்று தொட்டு இன்று வரை அந்த முந்துதல் ஒன்றே மனிதன் கைக்கொண்ட உபாயமாக இருந்து வருகின்றது.

எனவே, சுகதேகியாகத் தோன்றும் நாய் ஒன்றைப் பார்த்து, 'இதனுள் நோய் இல்லை' என்று உடனே சொல்ல ஒருவராலும் இயலாது. காத்திருந்தே அறிய வேண்டும். எத்துணைக் காலம் காத்திருப்பது, எங்கே காத்திருப்பது என்பதே நாடுகளுக்கு முன் நின்ற கேள்வி.

பிரித்தானியா அதற்குக் கண்ட விடையின் வரலாறு சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கப்பட்டது. நாய்ப் பிரியர்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும் 1902ஆம் ஆண்டளவில் நோய் அந்தத் தீவை விட்டு நீங்கிற்று. அது மீண்டும் வந்து சேராதிருக்க, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நாயும் ஆறு மாதம் தனிக் கூடத்தில் அடைபட்டிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அவ்விதியை உடைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். அந்நாட்டின் சொந்தப் போர்வீரர்களே. முதலாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், போர்முனையிலே தமக்குத் துணையாயிருந்த நாய்களைச் சிலர் மறைத்துக் கொண்டு வந்தனர். 1918இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. அதனைத் துடைத்தெடுக்க 1922 வரை சென்றது. அந்த வீரர்கள் செய்தது அன்பினாற் செய்த காரியம். அன்பு வைரசைத் தடுப்பதில்லை.

குவாரண்டைன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இத்தனிமைக் காப்பு, நாய்களுக்கென்று பிறந்ததன்று. கொள்ளை நோய்க்கு அஞ்சி இத்தாலியத் துறைமுகங்கள் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திய வழக்கிலிருந்து வந்தது அச்சொல். நாற்பது என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளரும் இராமேசுவரத்துக்கு அணித்தாயுள்ள மண்டபம் முகாமிலே இவ்வாறே நிறுத்தி வைக்கப்பட்டனர். அம்முகாமின் பெயரை மலையகத்துப் பழங் குடும்பங்கள் இன்னும் மறந்துவிடவில்லை.

ஆறு மாதக் காப்பும் குறையற்றதாக இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டில், ஜேர்மனியிலிருந்து வந்து ஆறு மாதத்தையும் முறைப்படி கழித்து வெளிவந்த நாய் ஒன்று, கேம்பர்லி என்னும் ஊரிலே சில நாட்களுள் விசர் கொண்டது. நாடே நடுங்கிற்று. மற்றொரு புறத்தில், ஆறு மாதச் சிறை பிராணிக்கும் உரியவருக்கும் பெருந் துன்பமாயிருந்தது. 1968இல் நடிகை எலிசபெத் டெய்லர் தம் நாய்களைக் கரையிறக்க முடியாமையால், தேம்ஸ் நதியிலே உல்லாசப் படகொன்றை வாடகைக்கு நிறுத்தி அவற்றை அதிலே வைத்திருந்தார். படகு வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்கள் ஞாயிறுதோறும் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினர். காலப்போக்கில் தடுப்பூசி செம்மையுற்றது. அது பலித்ததா என்பதைக் குருதியிலே சோதித்தறியும் முறையும் கைவந்தது. பேராசிரியர் அயன் கென்னடி தலைமையிலான குழு 1998இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டு பெப்புருவரியில் புதிய முறை சில நாடுகளுக்குத் தொடங்கிற்று. 2012 ஜனவரி முதல், விதிகளை நிறைவேற்றி வரும் பிராணி, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வந்தாலும் அடைபட வேண்டியதில்லை என்றாயிற்று. காத்திருத்தல் நீங்கிவிடவில்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். அங்கே கம்பிக்குள் காத்திருந்த நாய், இப்போது இங்கே தன் வீட்டு முற்றத்திலேயே காத்திருக்கின்றது. அவ்வளவே.

இலங்கை இன்னும் இந்நோய் நீங்கிய நாடன்று. 1893ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1973இல் 377 பேர் இந்நோயால் மாண்டனர். இன்று அத்தொகை மிகவும் குறைந்துவிட்டது என்பது இந்நாட்டுச் சுகாதாரப் பகுதியினர்க்கும் மிருக வைத்தியர்க்கும் பெருமை தருவது. ஆனால் நோயற்ற நாட்டுக்கு ஒரு நாயே போதும். 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நாய்க்குட்டியொன்று, இலண்டன் சிங்ஃபோர்ட் பகுதியிலுள்ள காப்புக் கூடத்தில் விசர் கண்டு இறந்தது. அது கடித்தவர்களுக்கு உடனே தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. நோய் கூடத்தின் சுவரைத் தாண்டவில்லை. விமானம் ஏற்றியபோது அக்குட்டியிடத்தில் நோயின் சாயல் தெரிந்திருக்குமாயின் எவரும் ஏற்றியிரார். அக்குட்டி நேராக ஒரு வீட்டுக்குச் சென்று, அங்குள்ள குழந்தைகளின் மடியிலே தவழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் நான்கு மாதத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

இனி அந்த நான்கு மாதம் எவ்வாறு அமைகின்றது என்பதைப் பார்ப்போம். இதில் வரிசையே முக்கியம். வரிசை மாறினால் செய்ததெல்லாம் வீண்.

முதலாவது, நுண்சில்லு. அரிசி மணியளவான ஒரு சிறு பொருள். பிராணியின் தோலுக்கடியில் ஊசியால் இடப்படுவது. அதிலே பதினைந்து இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று அடங்கியிருக்கும். கருவியொன்றை அருகிற் பிடித்தால் அவ்வெண் தெரியும். இது எதற்கு? கறுப்பு நாய்கள் ஆயிரம் உண்டு. ஊசி போட்ட கறுப்பு நாயும் விமானம் ஏறும் கறுப்பு நாயும் ஒன்றே என்பதற்குச் சாட்சி வேண்டுமன்றோ? ஆகையால் நுண்சில்லு இட்ட பின்னர், அல்லது அதே நாளில், போடப்பட்ட விசர் தடுப்பூசியே கணக்கிற் கொள்ளப்படும். பத்தாண்டுகளாகத் தவறாமல் ஊசி போட்டு வந்தவரும், சில்லு இல்லாமற் போட்டிருந்தாராயின், புதிதாகத் தொடங்க வேண்டியவரே. பலர் இடறும் இடம் இது. குட்டியாயின் பன்னிரண்டு வாரம் நிறைந்த பின்னரே ஊசி போடலாம்.

அடுத்தது குருதிச் சோதனை. ஊசி போட்டு முப்பது நாளாவது கழித்துக் குருதி எடுத்து, அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்ப வேண்டும். தடுப்பூசியால் உடலிலே உண்டாகும் பிறபொருளெதிரி, மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். குறைந்தால் மீண்டும் ஊசி, மீண்டும் குருதி. முதன்முறையாக ஊசி பெறும் இளம் நாய்களிலே இவ்வாறு குறைவதுண்டு.

குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. சோதனையிலே தேறிய நாய்க்கு இது ஏன் எனின், ஊசி போடுமுன்பே வைரசு உட்புகுந்திருப்பின் அந்த ஊசி நாயைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. அவ்வாறு மறைந்திருக்கும் நோய் வெளிப்படுதற்கு விடப்படும் தவணையே இம்மூன்று மாதம். ஜனவரி முதல் நாளிலே சில்லும் ஊசியும் என்றால், பெப்புருவரி தொடக்கத்திற் குருதி; மே மாத முதல் வாரத்திற் பயணம். இதைவிட விரைவாகச் செய்ய எவராலும் இயலாது. இடையிலே மறுவூசிக்குரிய நாள் வருமாயின் அதையும் தவறவிடலாகாது. ஒரு நாள் பிந்தினாலும் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

பயணம் நெருங்கும்போது இரண்டு காரியங்கள் உள. நாயாயின் நாடாப்புழுவுக்குரிய மருந்தை மிருக வைத்தியரே கொடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். பிரித்தானிய மண்ணை மிதிப்பதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அது கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பூனைக்கு இது இல்லை. மற்றது, அரசாங்க மிருக வைத்தியர் ஒப்பமிடும் சுகாதார அத்தாட்சிப் பத்திரம். இதன் பொருட்டுப் பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தினரை முன்கூட்டியே அணுகுதல் நலம். பத்திரத்திலுள்ள ஒரு திகதி ஊசிப் புத்தகத்திலுள்ள திகதியோடு முரண்பட்டாலும் அங்கே பிராணி தடுக்கப்படும். உரியவர் செலவிலே நான்கு மாதம் வரை காப்புக் கூடத்தில் வைக்கப்படும், அல்லது திருப்பி அனுப்பப்படும். உரியவர் பிராணிக்கு முன்னோ பின்னோ ஐந்து நாட்களுள் பயணம் செய்தல் வேண்டும் என்பதும் விதி. அதைக் கடந்தால் அது வளர்ப்புப் பிராணியெனக் கருதப்படாது. வாணிகச் சரக்கெனவே கொள்ளப்படும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதியும் பெரும்பாலும் இதையே ஒத்தது. ஐக்கிய அமெரிக்கா 2024 ஆகஸ்ட்டு முதல், ஆறு மாதம் நிறையாத நாயை எந்நாட்டிலிருந்தும் ஏற்பதில்லை. அவுஸ்திரேலியாவோ எல்லாவற்றிலுங் கடியது. இலங்கையிலிருந்து நாயோ பூனையோ அங்கு நேரே செல்லவே முடியாது. அந்நாடு ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டின் வழியாகவே செல்லுதல் வேண்டும். குருதிச் சோதனைக்குப் பின் காத்திருப்பு 180 நாள். அதன் பின்னரும் மெல்பேண் நகருக்கு அணித்தாயுள்ள மிக்கிள்ஹாம் கூடத்திற் குறைந்தது பத்து நாள் தங்கவேண்டும். 2015இல் ஹொலிவூட் நடிகர் ஜோனி டெப்பின் இரண்டு சிறு நாய்கள் அறிவிக்கப்படாமல் தனி விமானத்திற் குயின்ஸ்லாந்து சென்றபோது, அவற்றை உடனே வெளியேற்றும்படி அந்நாட்டு அரசாங்கம் கட்டளையிட்டது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. நடிகரும் அவர் மனைவியும் படமெடுத்து மன்னிப்புக் கேட்டனர். புகழுக்கும் பொருளுக்கும் அங்கே சலுகையில்லை என்பது பலருக்கு அன்றுதான் விளங்கிற்று.

விதிகளைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் பிரயாணத்தைப் பற்றி மக்கள் எண்ணுவதில்லை. நாய்க்கோ விதி தெரியாது. கூடு மட்டுமே தெரியும். இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு விமானத்திற் செல்லும் பிராணி, உரியவரின் மடியில் அன்று, சரக்காகவே செல்ல வேண்டும். சரக்கறை என்றதும் இருட்டிலே மூச்சுமுட்டும் இடம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. பிராணிகளை வைக்கும் பகுதியிலே காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் இருக்கும் பகுதியைப் போலவே பேணப்படுகின்றன. கூடு சரியாயிருத்தலே முக்கியம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த கணக்கொன்று உண்டு. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்காலின் முழங்கை வரை உள்ள உயரத்திற் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோளின் அகலம் இருமடங்கானால் கூட்டின் அகலம். உயரம் நிமிர்ந்த செவிக்கு இடங்கொடுத்தல் வேண்டும். மூக்கு முதல் வால் வரை 70 சென்ரிமீற்றரும் முழங்கை உயரம் 30 சென்ரிமீற்றரும் உள்ள நாய்க்கு 85 சென்ரிமீற்றர் நீளக் கூடு வேண்டும். மடங்காமல் நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க முடிந்தால் அளவு சரி.

கூட்டைப் பயணத்து அன்று வாங்கி அதனுள்ளே நாயைத் தள்ளுவது பெருங் கொடுமை. காத்திருக்கும் மூன்று மாதத்தை இதற்குப் பயன்படுத்தலாம். முதலிலே கதவைக் கழற்றிவிட்டு விறாந்தையிலே வைத்து, அதனுள்ளே சோறு வைத்தால், ஒரு வாரத்திலே நாய் அதைத் தன் வீடாக்கிக் கொள்ளும். பின்பு சிறிது நேரம் கதவை மூடலாம். பின்பு ஓர் இரவு. பிராணி பதறாதிருக்க மயக்க மருந்து கொடுப்போமே என்று சிலர் கேட்பதுண்டு. அது வேண்டாம் என்பதே வைத்தியர்கள் கூறும் புத்தி. மயங்கிய உடல் வான்வெளியிலே குருதியழுத்தத்தையும் சுவாசத்தையும் செவ்வனே பேண மாட்டாது. விமான நிறுவனங்கள் பலவும் மயங்கிய பிராணியை ஏற்பதில்லை.

சப்பை மூக்கு இனங்கள், அதாவது பக், புல்டோக் முதலிய நாய்களும் பாரசீகப் பூனையும், வெப்பத்திலும் பதற்றத்திலும் மூச்சுவிட இடர்ப்படுவன. இவற்றைப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. பெரும் பணம் கொடுத்து வாங்கிய இந்நாய்களைவிட, எவரும் மதியாத ஊர்நாயின் நீண்ட மூக்கே விமானத்துக்கு உகந்தது! பிரித்தானியாவிலே 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற் புல் ரெரியர், ஜப்பானியத் தோசா முதலிய சில இனங்களுக்கு இடமேயில்லை. எக்ஸ் எல் புல்லி என்னும் இனமும் 2023 இறுதியில் அப்பட்டியலிற் சேர்ந்தது.

நாய், பூனை தவிர்ந்த பிராணிகளைப் பற்றி அதிகஞ் சொல்ல வேண்டியதில்லை. காட்டுயிர்களை வீட்டில் வைத்திருப்பதே பெரும்பாலும் குற்றம். நட்சத்திர ஆமை 2019 முதல் சர்வதேச வாணிகம் முற்றாய்த் தடுக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றது. அதனைப் பெட்டியில் மறைத்துச் செல்வோர் விமான நிலையத்திலே பிடிபடுவது பத்திரிகைகளில் அடிக்கடி வருஞ் செய்தி.

எல்லாப் பிராணியையும் கொண்டுசெல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. உரியவரின் விமானச் சீட்டைவிட நாயின் கூலி மிகுவது வழக்கம். இருதயம் தளர்ந்த முதிய நாய்க்குப் பத்து மணி நேரக் கூட்டு வாழ்வு தாங்கவொண்ணாதது. சிறு அறையொன்றிலே வாடகைக்குக் குடியேறப் போகும் குடும்பத்தை, நாயோடு ஏற்கும் வீட்டுக்காரர் அரியர். முற்றம் முழுவதும் ஓடித் திரிந்த நாயை மாடிக் கட்டடத்திலே நாளெல்லாம் பூட்டி வைப்பதைவிட, அது நன்கறிந்த மாமியார் வீட்டிலோ தம்பி வீட்டிலோ விட்டுச் செல்வது அன்புக் குறைவாகாது. ஆனால் அதற்கும் காலம் வேண்டும். புறப்படுவதற்குச் சில மாதம் முன்பே அவ்வீட்டிலே சில நாள் தங்கவைத்து, அவ்வீட்டார் கையாலே சோறு உண்ணப் பழக்கி, ஊசிப் புத்தகத்தையும் அவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். கொண்டுசெல்வோரும் விட்டுச்செல்வோரும் ஒரே நாளிலேதான் தொடங்க வேண்டியிருக்கின்றது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் அந்நாளே ஏற்ற நாள்.

கட்டுநாயக்காவிலே கூடு ஒப்படைக்கப்படும்போது பிராணிக்குச் சிறிதளவு உணவும் வேண்டிய நீரும் சில மணி நேரம் முன்னதாகக் கொடுத்திருத்தல் வேண்டும். உள்ளே புதுமெத்தை வேண்டாம். வீட்டிலுள்ளார் உடுத்துக் கழித்த, துவைக்காத பழஞ் சாரமொன்றை விரித்தாற் போதும். அந்த மணமே வழி நெடுக அதற்குத் துணை. ஹீத்ரோ விமான நிலையத்திலே, இலண்டன் மாநகராட்சியார் நடத்தும் பிராணிகள் வரவேற்பு நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்கே சில்லின் எண்ணும் பத்திரமும் ஒத்துப் பார்க்கப்படும். அதற்குச் சில மணி நேரம் செல்லும். உரியவர்கள் வெளியே குளிரிலே காத்திருப்பார்கள். பின்பு கதவு திறக்கும்.